பெயின்டுக்கு முன்னால் படகைக் காய வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காடு கோடை விழா நெருங்கினால் மலையில் படகு வைத்திருப்பவர்களுக்கெல்லாம் பெயின்ட் ஞாபகம் வந்துவிடும். ஏப்ரல் கடைசியில் மினி லாரியில் படகுகளை ஏற்றி அனுப்பி, "நாலு நாளில் பளபளவென்று வேண்டும்" என்பார்கள். எங்கள் தொழிலுக்கு அது வருமானம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்த நாலு நாள் வேலையில் படகுக்கு நன்மையைவிடக் கெடுதலே அதிகம் என்பதால் இதை எழுதுகிறேன்.

சேலம் குகைப் பகுதியில் என் வீட்டுக்காரர் ஃபைபர் பட்டறை நடத்துகிறார். தண்ணீர்த் தொட்டி, பூங்கா பொம்மை, மிதிபடகு என்று வருவதையெல்லாம் செய்கிறோம். மேட் என்ற கண்ணாடி இழை விரிப்பை விரித்து, ரெசின் என்ற இறுகும் பசையைப் பூசுவது அவர் வேலை. வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்ப்பதும் வேக்ஸ் போட்டுப் பாலிஷ் ஏற்றுவதும் என் வேலை. அதனால் படகின் வெளித்தோல் எப்படிக் கெடுகிறது என்பது எனக்குக் கைப்பழக்கத்தில் தெரியும்.

ஃபைபர் படகின் மேல் பளபளப்பாகத் தெரிவது ஜெல்கோட். கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். தண்ணீர் உள்ளே இறங்காமல் காப்பதும் வெயிலைத் தாங்குவதும் அதுதான். பாசியைப் போக்குகிறேன் என்று அதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கிறார்கள், கழிவறை ஆசிட் ஊற்றுகிறார்கள், பிளீச்சிங் பவுடரைக் கரைத்து அடிக்கிறார்கள். கறை போகும், சரி. கூடவே ஜெல்கோட்டில் கீறல் விழுகிறது, திருகாணிகள் துருப்பிடிக்கின்றன, ஊற்றியதெல்லாம் ஏரிக்குள் போகிறது. அடுத்த மழைக்காலத்தில் அந்தக் கீறல்களில்தான் பாசி முன்னைவிட இறுக்கமாகப் பிடிக்கும்.

ஒரு விடுதிக்காரரின் படகு எங்களிடம் வந்தது. பெயர் வேண்டாம். மேலே புது நீல பெயின்ட், அடியில் கை வைத்துத் தடவினால் அம்மைக் கொப்புளம் போல முண்டு முண்டாக இருந்தது. ஒன்றை ஊசியால் குத்தியதும் பழுப்புத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது, காடி நாற்றம் அடித்தது. ஜெல்கோட்டைத் தாண்டி இறங்கிய தண்ணீர் உள்ளே ரெசினோடு சேர்ந்து புளித்தால் அப்படித்தான் நாறும். (குத்திப் பார்க்க நினைப்பவர்கள் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் பட்டால் ஆபத்து.) கொப்புளத்தைத் திறந்து, கழுவி, வாரக்கணக்கில் காய வைத்து, அப்புறம்தான் அடைக்க முடியும். ஈரத்தோடு பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டுவிடும். அந்தப் படகுக்கும் அதுவே நடந்திருந்தது.

வெளியைப் பார்க்கவாவது ஆள் உண்டு, உட்புறத்தைப் பார்ப்பவர் யாருமில்லை என்பதுதான் என் பெரிய வருத்தம். பெரும்பாலான மிதிபடகுகளின் அடிப்பாகம் உள்ளே வெற்றுக்கூடு. ஒரு சின்ன விரிசலோ, தேய்ந்துபோன வடிகால் மூடியோ இருந்தால் போதும், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேரும். ஒரு குடத்துக்குப் பதினைந்து லிட்டர் என்றால் இரண்டு குடம் தண்ணீர் முப்பது கிலோ. ஒரு பையன் கூடுதலாக, அதுவும் ஒரே பக்கமாக உட்கார்ந்த கணக்கு. படகு சாய்ந்து போவதைப் பார்த்து, ஏறியவர்கள் குண்டு என்று சிரிக்கிறார்கள். படகைக் கரையேற்றி மூடியைத் திறந்துவிட்டால் உண்மை தெரிந்துவிடும்.

இருக்கைக்குக் கீழே தேங்கும் மழைத்தண்ணீரையும் சொல்லியாக வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தண்ணீரே போதும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள்தான் ஆகும். சீசன் இல்லாத மாதங்களில் கரையில் மல்லாந்து கிடக்கும் படகுகளைக் கவிழ்த்து வைக்க ஒரு பைசா செலவில்லை. மேட்டூர்ப் பக்கம் பரிசல் ஓட்டுகிறவர்கள் வேலை முடிந்ததும் பரிசலைக் கரையில் கவிழ்த்துத்தான் வைப்பார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பிழைப்பு அதில் இருக்கிறது.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த குழந்தை படகில் வாந்தி எடுப்பது சகஜம். சோளக்கதிர், மிளகாய்த்தூள் போட்ட மாங்காய், வேர்க்கடலைத் தோல் எல்லாம் மிதிகட்டைக்குக் கீழே கிடக்கும். மேலே தண்ணீர் தெளித்துத் துடைத்தால் அதெல்லாம் சந்துக்குள்தான் போகும். மெத்தையைக் கழற்றி, மூலைகளைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டிக் கழுவி, கழுவிய தண்ணீரை வடிகால் வழியாக வெளியேற்ற வேண்டும். ஸ்பாஞ்சு ஈரம் காயாத மெத்தை அந்த மலைக் குளிரில் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்து நாறும்.

கழுவுவதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஏரியில் வேண்டாம், கரையில் தள்ளி வைத்துக் கழுவுங்கள். படகை மேலே எடுத்ததும், பாசி ஈரமாக இருக்கும்போதே, மிருதுவான ஸ்பாஞ்சில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் பாதி வேலை முடிந்தது. மதியம் வரை வெயிலில் விட்டுவிட்டு அப்புறம் தேய்த்தால் அதே பாசி சிமென்டு மாதிரி ஒட்டிக்கொள்ளும், அப்போதுதான் கை ஆசிட் பாட்டிலைத் தேடும். நல்ல தண்ணீரில் அலசி, துணியால் துடைத்து, காய்ந்ததும் ஒரு கோட்டு வேக்ஸ் போடுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை வேக்ஸ் கண்ட படகுக்குப் பல காலம் பெயின்டே தேவைப்படாது.

பழுது வேலைக்கு நல்ல மாதம் பிப்ரவரி, மார்ச். ஏற்காடு ஏறத்தாழ ஐயாயிரம் அடி உயரம். மழையும் பனிமூட்டமும் உள்ள நாளில் அங்கே ரெசின் சரியாக இறுகாது, ரெசினை இறுகவைக்கும் ஹார்டனரைக் கூட்டிப் போட்டாலும் ஈரத்துக்கு அது மருந்தில்லை. கீழே சேலத்தில் அந்த மாதங்களில் வெயில் ஏறிவிடும். படகுகளைப் பாதிப் பாதியாக இறக்கி அனுப்பினால் நன்றாகக் காய்ந்து, பொறுமையாக வேலை முடிந்து, விழாவுக்கு முன்பே தண்ணீரில் இருக்கும். மிதிகட்டைத் தண்டுக்குக் கிரீஸ், துடுப்புக்கு வார்னிஷ் எல்லாம் அப்போதே முடித்துவிடலாம்.

லைஃப் ஜாக்கெட்டையும் மறக்க வேண்டாம். ஈரத்தோடு மூட்டையாகக் குவிக்காமல், சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிட வேண்டும். வெயிலில் போட்டால் துணியும் நாடாவும் இற்றுப்போகும். நாற்றம் தாங்காமல்தான் பலர் அதை மாட்டாமல் கையில் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை.

இந்த ஆண்டு நேரம் போய்விட்டது, தெரிகிறது. விழாவுக்கு முன் ஒரே ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். எல்லாப் படகையும் கவிழ்த்து, ஒரு ரூபாய் நாணயத்தால் அடிப்பாகம் முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் 'டங்' என்று கேட்கும், உள்ளே ஊறிப் பிரிந்த இடம் 'தொப்' என்று கேட்கும். தொப்பென்று கேட்கும் படகு எவ்வளவு புதுசாகத் தெரிந்தாலும் அதில் குழந்தைகளை ஏற்றாதீர்கள்.

இப்படிக்கு,
ஃபைபர் பட்டறைப் பெண்மணி,
குகை, சேலம்.