டாக்டரம்மா நிற்பது கடலூரிலா, புதுச்சேரியிலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய புதுச்சேரி, கடலூரைக் களமாக வைத்து, பெண் மருத்துவர் ஒருவர் துப்புத் துலக்கும் சரித்திர மர்மக் கதைகளை எழுதியனுப்பும்படி ஞாயிறு மலரில் கேட்டிருந்தீர்கள். எழுத உட்காருகிறவர்களுக்கு உதவட்டும் என்று தடய மருத்துவப் பக்கத்திலிருந்து சில விஷயங்களைச் சொல்கிறேன். லண்டன் குளிருக்குப் போட்ட கணக்கையும் அங்கத்திய சட்டத்தையும் வங்கக் கடலோரத்தில் அப்படியே இறக்கிவைப்பதுதான் இந்த வகைக் கதைகளைப் பெரும்பாலும் கெடுக்கிறது.

முதலில் எல்லை. 1954 வரை புதுச்சேரியும் பாகூரும் பிரெஞ்சு மண். கடலூர் 1947 வரை பிரிட்டிஷ் மண். பாரதி 1908-இல் புதுச்சேரிக்குப் போனதும், 1918 நவம்பரில் கடலூர்ப் பக்கம் கால் வைத்தவுடன் கைதானதும் எல்லோருக்கும் தெரியும். கொலை வழக்குக்கும் அதே கோடு உண்டு. அன்றைய பிரெஞ்சுச் சட்டப்படி 10 ஆண்டுகள் கடந்துவிட்டால் கொலைகாரன் மீது வழக்கே தொடுக்க முடியாது. இடையில் விசாரணை நடந்திருந்தால் அதன் கடைசி நடவடிக்கையிலிருந்து எண்ண வேண்டும். கடலூரில் கொலைக்கு அப்படி ஒரு காலக்கெடு கிடையாது. பன்னிரண்டு வருஷம் கழித்துப் புதைகுழியைத் தோண்டும் காட்சி வைத்தால், குழி எல்லைக்கு எந்தப் பக்கம் என்பதில் கதையே தலைகீழாகிவிடும். இன்னொன்று: பிரெஞ்சு தண்டனைச் சட்டத்தில் விஷம் வைப்பது தனிக் குற்றம். சாகடிக்கக்கூடிய பொருளைக் கொடுத்தாலே போதும், ஆள் பிழைத்தாலும் குற்றம் முழுமையானது. கடலூரிலோ ஆள் பிழைத்தால் அது கொலை முயற்சிதான்.

அடுத்து, நாயகி. முத்துலட்சுமி ரெட்டி 1912-இல் தேறுவதற்கு முன் பெண் டாக்டரே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். சென்னை மருத்துவக் கல்லூரி 1875-இலேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. 1885-இல் சென்னையில் கோஷாப் பெண்களுக்கென்று, அதாவது திரைமறைவில் வாழ்ந்தவர்களுக்கென்று, தனி மருத்துவமனையும் வந்தது. ஆகவே 1890-இல் நடக்கும் கதையில் பெண் மருத்துவர் வருவதில் குறையில்லை. ஆனால் அவர் கத்தியை எடுத்துப் பிரேதத்தை அறுக்கக் கூடாது. கடலூரில் பிரேத விசாரணை போலீசும் பஞ்சாயத்தாரும் நடத்துவது. அறுப்பது சிவில் சர்ஜன். புதுச்சேரியில் விசாரணை நீதிபதி உத்தரவிட வேண்டும். டாக்டரம்மாவின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. ஆண் மருத்துவர் திரைக்கு வெளியே நின்று நாடி மட்டும் பார்த்த வீடுகளில் அவர் கட்டில்வரை போகலாம், உடம்பைப் பார்க்கலாம், மருத்துவச்சியிடம் பேசலாம்.

அங்கே அவர் கேட்கும் சொல்லுக்கு எடை உண்டு. கடலூரில், 2024 வரை அமலில் இருந்த 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம், பிரிவு 32-படி, இறந்தவர் தன் சாவின் காரணத்தைப் பற்றி யாரிடம் சொல்லியிருந்தாலும் அது சாட்சியமாகும். மாஜிஸ்திரேட் இருந்தாக வேண்டும் என்பதில்லை. சாகப்போகிறோம் என்று அந்தப் பெண் உணர்ந்திருக்க வேண்டியதும் இல்லை. அன்றைய இங்கிலாந்துச் சட்டம் அதைக் கேட்கும், நம் சட்டம் கேட்காது. டாக்டரம்மா செய்ய வேண்டியது: நினைவு தெளிவாக இருந்ததைக் குறிப்பது, கேள்வியையும் பதிலையும் அவள் பேசிய தமிழிலேயே எழுதுவது, “மாமியார் கொடுத்த பாலா?” என்று பதிலைத் தானே ஊட்டிவிடாமல் இருப்பது. வக்கீல் முதலில் பிடிப்பது இந்தக் கடைசித் தவறைத்தான்.

இனி வெள்ளைப் பாஷாணம், அதாவது ஆர்சனிக். காலரா காலத்தில் பாஷாணச் சாவு வாந்திபேதிக் கணக்கில் போய்விடும் என்பதால் கதைக்கு ஏற்ற விஷம். காலராவில் முதலில் பேதி, பிறகு வாந்தி. கழுநீர் போலப் போகும். குரல் கம்மிக் கீச்சிடும். பாஷாணத்தில் தொண்டை எரிச்சல் முன்னால் வரும், வாந்தி அடுத்து, பேதி அதற்குப் பிறகு. மலத்தில் ரத்தம் இருக்கலாம், கண் சிவக்கும், குரல் மாறாது. இந்த வரிசையைக் கேட்டு எழுத நோயாளியின் பக்கத்தில் இருப்பவரால்தான் முடியும். மருந்தகத்திலேயே அவர் செய்யக்கூடியது 1841-இல் வந்த ரைன்ஷ் சோதனை. வாந்தியில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து, பளபளப்பாகத் தேய்த்த செம்புத் தகட்டைப் போட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். தகட்டில் கருஞ்சாம்பல் படிவு வந்தால் கழுவி, உலர்த்தி, மெல்லிய கண்ணாடிக் குழாயில் இளஞ்சூடு காட்டினால், குளிர்ந்த பகுதியில் எண்முகப் படிகங்கள் ஒட்டும், உருப்பெருக்கியில் தெரியும். பாதரசமானால் குட்டிக் குட்டி உருண்டைகள். அமிலத்திலேயே ஆர்சனிக் கலந்திருப்பது உண்டு. அதனால் முதலில் வெறும் அமிலத்தில் தகட்டைக் கொதிக்கவைத்துப் பார்த்தாக வேண்டும். இதைச் செய்யாத நாயகியை நான் நம்பமாட்டேன்.

நீதிமன்றத்துக்கு இது போதாது. 1849-இலேயே சென்னையில் தொடங்கிய ரசாயனப் பரிசோதகர் அலுவலகத்துக்கு உள்ளுறுப்புகள் போக வேண்டும். இரைப்பை, சிறுகுடலில் ஒரு பகுதி, ஈரலில் சுமார் அரை கிலோ, ஒவ்வொரு சிறுநீரகத்திலும் பாதி. அகலவாய்ப் புட்டிகளில் தெவிட்டிய (இனி உப்புக் கரையாது என்ற அளவுக்குக் கரைத்த) உப்புநீர் ஊற்றி, மூன்றில் ஒரு பங்கு காலியாக விட வேண்டும். நிரப்பினால் அழுகும் வாயு மூடியைத் தள்ளிவிடும். ஊற்றிய உப்புநீரிலும் கொஞ்சம் தனிப் புட்டியில் அனுப்ப வேண்டும்.

இறந்த நேரம் சொல்வதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. சித்திரை, வைகாசி மதியத்தில் நம் ஊரில் காற்றே 37, 38 டிகிரியைத் தொடும்போது உடல் எப்படிக் குளிரும்? அங்கே தெர்மாமீட்டர் கணக்குப் பொய். விறைப்பு ஓரிரு மணி நேரத்தில் தொடங்கி, 18 முதல் 36 மணி நேரம்தான் நீடிக்கும். அடிவயிற்றின் வலப்பக்கப் பச்சை, குளிர்நாட்டில் நாள்கணக்கில் வருவது, இங்கே 12 முதல் 18 மணி நேரத்தில் வந்துவிடும்.

நம் மண்ணுக்கே உரிய துப்புகளை யாரும் தொடுவதில்லை என்பது என் ஆதங்கம். ஊமத்தை விதையை மிளகாய் விதை என்று ஏமாறுவது உண்டு. மிளகாய் விதை வெளிர்மஞ்சள், வழவழப்பு. ஊமத்தை பழுப்பு, சிறுநீரக வடிவம், மேலே குழிகள். நீளவாக்கில் பிளந்தால் மிளகாயின் கரு 6 என்ற எண் போல உள்ளே சுருண்டிருக்கும், ஊமத்தையின் கரு வெளிப்பக்கம் வளையும். விஷம் உண்டவரின் கண்மணி விரியும், வாய் உலரும், விரல் நுனியிலிருந்து இல்லாத நூலை இழுத்துக்கொண்டிருப்பார்.

சேங்கொட்டை இன்னும் அருமையான துப்பு. துணிக்குக் குறி போடும் அந்தக் கொட்டையின் சாற்றைத் தோலில் தடவி, அடித்துவிட்டார்கள் என்று பொய்ப் புகார் கொடுப்பார்கள். உண்மையான கன்றல் சில நாளில் நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாகி, இரண்டு வாரத்தில் மறையும். சேங்கொட்டைத் தழும்பு அப்படி நிறம் மாறாது. ஓரத்தில் சிறு கொப்புளங்கள், தாங்க முடியாத அரிப்பு. சொறிந்த விரலிலும் அதே கொப்புளம் கிளம்பும். தழும்புகள் அவரவர் கை எட்டும் இடத்திலேயே இருக்கும்.

1901-க்கு முந்தைய கதையில் ரத்தக்கறை மனிதனுடையதா ஆட்டினுடையதா என்று சோதனைக்கூடம் சொல்வதாக எழுத வேண்டாம். கோழி ரத்தம் என்று சொல்லலாம். அதன் சிவப்பணு நீள்வட்டம். கைரேகை அலுவலகம் கல்கத்தாவிலேயே 1897-இல்தான் வந்தது.

ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கதையின் தலைப்புக்குக் கீழும் அது நடக்கும் ஆண்டையும், அந்த ஊர் அப்போது யார் ஆட்சியில் இருந்தது என்பதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தடய மருத்துவ ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.