‘அபே ரோடு’: எந்த சிடி?

ஆசிரியருக்கு,

பீட்டில்ஸ் இசைக்குழுவின் ‘அபே ரோடு’ (1969) ஆல்பத்துக்கு வெவ்வேறு ஆண்டுகளில் வந்த சிடிகளை ஒப்பிட்ட உங்கள் கட்டுரை, புதியதே சிறந்தது என்று முடித்துவிட்டது. ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கிற எனக்கு அது சரியாகப் படவில்லை. 2009 சிடி, 1987 சிடியைவிட உரக்க ஒலிக்கும். உரக்கக் கேட்டால் எதுவும் நன்றாகத்தான் தோன்றும். வால்யூமைக் குறைத்து, குரலை இரண்டிலும் சமமாக்கிவிட்டு ‘கம் டுகெதர்’ பாட்டைக் கேளுங்கள். புதியதில் பேஸ் கிட்டார் கனமாக இருக்கிறது, சரி. ஆனால் ‘ஹியர் கம்ஸ் தி சன்’ பாட்டின் தொடக்கத்தில் கிட்டார் கம்பியைச் சுண்டும் ஓசை பழையதில்தான் இயல்பாகக் கேட்கிறது. மூல ஒலிநாடாவின் இரைச்சலும் கூடவே வரும், வரட்டுமே! அப்புறம், 1983இல் ஜப்பானில் வெளியாகித் திரும்பப் பெறப்பட்ட சிடியைக் கட்டுரை தொடவே இல்லை. 2019 பதிப்போ இசைத் தயாரிப்பாளர் ஜைல்ஸ் மார்ட்டின் புதிதாக மிக்ஸ் செய்தது; அதாவது, குரல், கருவிகளின் தனித்தனிப் பதிவுகளை மறுபடி கலந்தது. மற்றவை பழைய கலவையே. 2019 பதிப்பை இந்த வரிசையில் வைத்ததே பொருந்தாது.

– வாசகர், மதுரை