புதர் என்று வெட்டாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

லட்சத்தீவுச் சுற்றுலா பற்றிய தங்கள் கட்டுரையில் தென்னையும் நீலக் கடலும் தாராளமாக வந்துவிட்டன. கரையோரப் புதருக்கு ஒரு வரிகூட இல்லை. பாதியைக் கிள்ளி எறிந்ததுபோல் ஒருபக்கம் மட்டும் இதழ் விரியும் வெள்ளைப் பூச்செடி, தாழை, அடப்பங்கொடி ஆகியவைதாம் அங்கே கரை மணலைப் பிடித்துவைத்திருக்கின்றன. மண் என்பதே பவளத் தூள்தான். ஆறு கிடையாது. கடல்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கும் மழைநீரே கிணற்றில் ஊறுகிறது. கரை அரித்தால் அதுவும் உப்பாகும். அங்குள்ள பங்காரம் பவளத்திட்டில் பரளி 1 என்ற தீவு மூழ்கிவிட்டதாக 2017-இல் செய்தி வந்ததே! விடுதி அறையிலிருந்து கடல் தெரியவேண்டும் என்று புதரை மழித்தால் (முடிதிருத்தும் வேலையா அது?) மணல் எத்தனை மழைக்காலம் நிற்கும்? அடுத்த முறை அந்த அரைப் பூவின் படத்தையும் வெளியிடுங்கள்.

– ஒரு வாசகர், நாகர்கோவில்