கூடப் போகிற சின்னச் செயற்கைக்கோள்களைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் எங்கள் ஆரம்பாக்கம், தடா பக்கம் மொட்டை மாடியிலிருந்தே தெரியும். மறுநாள் பேப்பரில் பெரிய செயற்கைக்கோளுக்கு அரைப் பக்கம் போடுகிறீர்கள். கூடப் போன சிறியவற்றுக்கு ‘மேலும் நான்கு’ என்று ஒரே வரி. அந்த நான்கில் என்ன இருந்தது என்றுதான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

30.6.2014 அன்று பி.எஸ்.எல்.வி. சி-23 போனது. பிரதமர் நேரில் வந்திருந்தார். பூமியைப் படமெடுக்கும் பிரான்சின் ஸ்பாட்-7 செயற்கைக்கோள்தான் முக்கியப் பயணி. அதே ராக்கெட்டில் கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழக ஆய்வகம் கட்டிய கேன்-எக்ஸ் 4, கேன்-எக்ஸ் 5 என்ற இரண்டும் போயின. ஒவ்வொன்றும் பக்கத்துக்கு 20 சென்டிமீட்டர், ஒரு சாண்கூட இல்லை.

அவை செய்த வேலையைப் பாருங்கள். தங்களுக்குள் இருக்கும் இடைவெளியை ஜி.பி.எஸ். வைத்தே அளந்து, சேர்ந்து பறந்தன. நம் போனில் ஜி.பி.எஸ். சில மீட்டர் பிசகும். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ரிசீவர்களுக்கும் அந்தப் பிழை பெரும்பாலும் ஒன்றுதான். அதைக் கழித்துவிட்டு, ஜி.பி.எஸ். ரேடியோ அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் வந்து சேர்கிறது என்பதையும் ஒப்பிட்டால் இடைவெளி சென்டிமீட்டர் கணக்கில் கிடைத்துவிடும். விநாடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டே இதைச் செய்வது லேசா? அலைவரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், தெரிகிற ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களும் சீக்கிரம் மறைந்துவிடும். ஏவியபின் வெகுதூரம் விலகிப்போன இரண்டும் திரும்பச் சேர்ந்து, ரேடியோவில் பேசிக்கொண்டு, 1,000 மீட்டர், 500, 100, கடைசியில் 50 மீட்டர் இடைவெளியில் அணிவகுத்தன. அந்த நவம்பருக்குள் எல்லாம் முடிந்தது. நம் தீவிலிருந்து போனவை அவை. நான் படித்தவரை நம் பத்திரிகைகளில் ஒரு வரி வரவில்லை.

நம்மவர்களும் சளைத்தவர்கள் இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 40 கிலோ அனுசாட் 2009 ஏப்ரலில் இங்கிருந்துதான் போனது. இப்போது முழுச் செயற்கைக்கோளைக் கட்டவேண்டிய அவசியம்கூட இல்லை. ராக்கெட்டின் நான்காம் கட்டத்தையே ‘போயம்’ என்ற மேடையாக்கி, அதில் கருவிகளைப் பொருத்த இஸ்ரோ இடம் தருகிறது. திருவனந்தபுரம் எல்.பி.எஸ். மகளிர் பொறியியல் கல்லூரி மாணவிகளின் வீசாட் என்ற கருவி 1.1.2024 அன்று அப்படித்தான் போனது. ஜி.பி.எஸ். போன்ற நம் நாட்டு ஏற்பாடான நாவிக்கின் ரிசீவரை அந்தப் போயம் மேடையில் வைத்துச் சோதிக்க கும்மிடிப்பூண்டி, சூளூர்பேட்டை பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஏன் தோன்றக்கூடாது? தோன்ற வேண்டுமானால் முதலில் விஷயம் காதில் விழ வேண்டும்.

அடுத்த ஏவுதலிலிருந்து கூடப் போகிறவை எந்தக் கல்லூரியுடையவை, எதைச் சோதிக்கின்றன என்று ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். அப்புறம், ஆறு மாதம் கழித்து அந்தச் சோதனை என்ன ஆச்சு என்றும் விசாரித்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், ஆரம்பாக்கம்