இசிஎஸ் அக்கவுண்ட் செட்டிங்: ஞாயிறு காலை 10 மணி

வணக்கம் நண்பர்களே. நம் கோத்தகிரி பழைய மாணவர் தளம் ஓடும் அமேசான் இசிஎஸ் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பொதிகளாக ஓட்டும் கிளவுட் சேவை) அக்கவுண்ட்டில் ஞாயிறன்று செட்டிங் மாற்றுகிறோம்.

1. முதலில் மும்பை ரீஜியனா (அமேசான் சர்வர்கள் இருக்கும் வட்டாரம்) என்று பாருங்கள். ஒவ்வொரு ரீஜியனுக்கும் செட்டிங் தனி.

2. டிரங்கிங்கை (ஒரே சர்வரில் கூடுதல் நெட்வொர்க் இணைப்புகள் தந்து அதிக டாஸ்க் ஓட வைக்கும் செட்டிங்) உங்கள் யூசருக்கு மட்டும் ஆன் செய்தால் போதாது. இன்ஸ்டன்ஸ் (கன்டெய்னர்கள் ஓடும் கிளவுட் சர்வர்) உங்கள் யூசர் வழியாக அல்ல, தன் ரோல் (அதற்குத் தரப்பட்ட அனுமதி அடையாளம்) வழியாகத்தான் இசிஎஸ்ஸில் பதிவாகிறது; அதனால் அக்கவுண்ட் முழுமைக்கும் டிஃபால்ட்டாக வையுங்கள். ஏற்கெனவே ஓடும் இன்ஸ்டன்ஸுக்கு இது பொருந்தாது, புதிய இன்ஸ்டன்ஸைத் தொடங்கவும். சி5.லார்ஜ் என்ற இன்ஸ்டன்ஸ் வகையில், தனி நெட்வொர்க் இணைப்புள்ள 2 டாஸ்க் (ஒன்றாக ஓடும் கன்டெய்னர் தொகுப்பு) ஓடிய இடத்தில் 10 ஓடும். பலரும் இடறுவது இங்கேதான், தயவுசெய்து பொறுமையாகச் செய்யுங்கள்.

3. கன்டெய்னர் இன்சைட்ஸ் (கன்டெய்னர்களைக் கண்காணிக்கும் வசதி) ஆஃபிலேயே இருக்கட்டும், அதற்குத் தனிக் கட்டணம்.

மழைக்குக் கரண்ட் போகலாம். லேப்டாப்பில் சார்ஜ் ஏற்றி வையுங்கள். வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் பதில் போடவும்.