சண்முகத்துக்கு, மஞ்சள் விளக்கு பற்றி

காவேரிப்பட்டணம்

அன்புள்ள சண்முகம்,

இங்கே எல்லோரும் நலம். உன் அக்காவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுது. மாங்காய் வரத்து ஓயும் வரை நான் பேனாவைத் தொடுவதில்லை என்பது உனக்குத் தெரிந்ததுதான். ஆகவே தாமதத்துக்குச் சமாதானம் எதுவும் சொல்லப் போவதில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம் உன் மகன். பெங்களூரில் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்க எழில் முன்பணம் கொடுக்கப் போகிறான் என்று தங்கச்சி போனில் சொன்னது. அப்படிப்பட்ட வண்டி ஒன்றோடு என் மாப்பிள்ளையின் புண்ணியத்தில் நான் குடித்தனம் நடத்தி வருவதால், நீ கேட்காவிட்டாலும் சில விஷயங்களைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மாப்பிள்ளை துபாய்க்குப் புறப்படும்போது வண்டியை நம்முடைய குடோனில் விட்டுவிட்டுப் போனார். பெங்களூரா மாங்காய்க் கூடைகளுக்கு நடுவே அந்தச் சிவப்பு வண்டி நிற்பதைப் பார்த்த கோவிந்தன், "முதலாளி, இதில் எத்தனை பெட்டி ஏறும்?" என்று கேட்டான். சும்மா நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்கிவிடும் என்பதால், அவ்வப்போது நான் அதைப் பர்கூர் வரை ஓட்டிச் சென்று திரும்புவேன். நீ சிரிப்பது எனக்குக் கேட்கிறது. லாம்ப்ரெட்டாவையே வாய்க்காலில் இறக்கியவன் நீ என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்.

தொல்லை அந்தப் பயணங்களில்தான் தொடங்கியது. மழையில்லாத நாளில், நேரான நான்குவழிச் சாலையில் லாரி ஒன்றை முந்துவதற்காக ஆக்சிலரேட்டரை மிதித்தால், பாதியில் எஞ்சினின் இழுவை குறைந்துவிடும். கார் ஒன்றும் அதன் பின்னால் நெளிந்த இரண்டு கோடுகளுமாக வரையப்பட்டிருக்கும் மஞ்சள் விளக்கு டேஷ்போர்டில் படபடவென்று சிமிட்டும். பின்னால் வருகிற பேருந்துக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பார். சக்கரம் வழுக்கி வீணாகச் சுழலாமல் தடுக்கும் அமைப்புக்கு டிராக்‌ஷன் கன்ட்ரோல் என்று பெயர்; அது வேலை செய்யும்போதுதான் அந்த விளக்கு சிமிட்டும். அமைப்பே பழுதானாலோ அணைத்து வைத்தாலோ அது சிமிட்டாமல் நிலையாக எரியும். அப்படியானால், வழுக்காத சாலையில் சக்கரம் வழுக்குகிறது என்று வண்டி எதை வைத்து முடிவு செய்தது?

நான்கு சக்கரங்களிலும் சுழற்சியை அளக்கும் சென்சார்கள் இருக்கின்றன. பின்சக்கரத்தை எஞ்சின் இழுக்கும் இந்த வகை வண்டியில், பின்சக்கரம் முன்சக்கரத்தைக் காட்டிலும் வேகமாகச் சுற்றினால், அது தரையைப் பிடிக்காமல் வீணாகச் சுழல்கிறது என்று கணினி எடுத்துக்கொள்ளும். உடனே எஞ்சினின் விசையைக் குறைக்கும். தேவைப்பட்டால் அந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக்கும் பிடிக்கும். ஓசூர்ப் பக்கம் ஒரு பட்டறையில், கணினியில் பதிவான கோளாறைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தவர்கள், இடது பின்சக்கரம் என்று திரையில் வந்ததும் அந்தச் சென்சாரைக் கழற்றிப் புதியதை மாட்டி, மனசாட்சியில்லாமல் ஒரு பில்லும் கொடுத்தார்கள். குடோனுக்குத் திரும்பி வருவதற்குள்ளேயே விளக்கு மறுபடியும் சிமிட்டியது.

உண்மையைக் கண்டுபிடித்தவர் நம்முடைய ஊர் மெக்கானிக் பாய்தான். அவர் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, என்னை ஒரே சீராக ஓட்டச் சொல்லி நான்கு சக்கரங்களின் வேகத்தையும் பார்த்தார். மூன்று சக்கரங்கள் 75 என்று காட்டும்போது இடது பின்சக்கரம் மட்டும் 78 என்று காட்டிக்கொண்டே வந்தது. "சென்சார் பொய் சொல்லவில்லை அண்ணா, வண்டியை நிறுத்துங்கள்" என்றார். டார்ச் அடித்து டயரின் பக்கவாட்டைத் துடைத்துப் பார்த்தோம். வலப்பக்கம் 255/40 ஆர்18, இடப்பக்கம் 255/35 ஆர்18. முன்பு எப்போதோ பஞ்சரானபோது யாரோ ஒரு கடைக்காரர் கையில் இருந்ததை மாட்டி அனுப்பியிருக்கிறார். நடுவில் உள்ள 40, 35 என்பவை டயரின் பக்கவாட்டு உயரம் அதன் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பதைச் சொல்பவை. அந்த வித்தியாசத்தால் இடது சக்கரத்தின் விட்டம் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறைகிறது. அதாவது அது 4 சதவீதம் அதிகமாகச் சுற்றினால்தான் மற்ற சக்கரத்தோடு சேர்ந்து ஓட முடியும். அதைத்தான் பாவம் கணினி வழுக்கல் என்று நினைத்திருக்கிறது. பின்பக்க டயர்கள் இரண்டையும் ஒரே அளவில், ஒரே தயாரிப்பில் மாற்றிய பிறகு விளக்கு அடங்கிவிட்டது.

டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைக்க வண்டியில் ஒரு பட்டன் உண்டு. "அந்தப் பட்டனை அமுக்கிவிட்டு ஓட்டு, நிஜமான ஓட்டுநருக்கு இதெல்லாம் எதற்கு?" என்று நீ அன்றைக்குப் போனில் சொன்னாயே, அதே வசனத்தை எழிலிடமும் சொல்லிவிடாதே. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் ஓட்டினாரே, அந்த ஆண்டு அங்கே டிராக்‌ஷன் கன்ட்ரோலுக்கு அனுமதி இருந்தது. 2008-இல்தான் மறுபடியும் தடை செய்தார்கள். உன்னைவிட அவர்கள் சுமாரான ஓட்டுநர்கள் என்று நீ வாதிட்டாலும் வாதிடுவாய். பட்டனுக்கு நியாயமான வேலை ஒன்று உண்டு. கூடை கழுவிய தண்ணீர் தேங்கிய சேற்றில் வண்டி சிக்கியபோது, சக்கரம் சுழலத் தொடங்கியதுமே டிராக்‌ஷன் கன்ட்ரோல் எஞ்சினை அடக்கி அடக்கி வண்டியை நகரவே விடவில்லை. அப்போது பட்டனை அமுக்கி அதை அணைத்து, வண்டியை மெதுவாக வெளியே எடுத்தேன். எஞ்சினை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் அது தானாகவே விழித்துக்கொள்ளும்.

சண்முகம், விளையாட்டுப் பேச்சை இத்தோடு நிறுத்துகிறேன். எழிலுக்கு வேலை பெங்களூரில், வீடு சேலத்தில். வாரக் கடைசியில் தொப்பூர்க் கணவாயை இறங்கித்தான் அவன் உன்னிடம் வந்து சேர வேண்டும். இறக்கத்தில் டிராக்‌ஷன் கன்ட்ரோலுக்கு ஏறக்குறைய வேலையே கிடையாது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும்தான் அது குறுக்கே வரும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் லாரி பிரேக் பிடிக்காமல் பின்னால் வரும்போதும், முதல் மழையில் தூசியும் ஆயிலும் கலந்து சாலை சோப்பு நுரையாகக் கிடக்கும்போதும், அவனைக் காப்பாற்ற வேண்டியவை டயரும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ்ஸும், அவனுடைய நிதானமும்தான். அந்த ஏபிஎஸ்ஸும் அதே சக்கரச் சென்சார்களைத்தான் நம்பியிருக்கிறது. ஒரு சென்சார் போனால் பெரும்பாலும் எல்லாப் பாதுகாப்பும் ஒன்றாகப் போய்விடும். மஞ்சள் விளக்குதானே என்று மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்களை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அந்தக் கணவாயின் இரட்டைப் பாலத்தருகே நாம் இருவரும் சேர்ந்து பார்த்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை.

முன்பணம் கொடுப்பதற்கு முன் எழிலைச் சாவியைத் திருப்பிப் பார்க்கச் சொல். எஞ்சின் ஓடுவதற்கு முன் ஏபிஎஸ், டிராக்‌ஷன் விளக்குகள் எரிந்து, பிறகு அணைய வேண்டும்; எரியவே இல்லையென்றால் விற்கிறவர் பழுதை மறைக்க எதையோ பிடுங்கியிருக்கிறார் என்று சந்தேகப்படலாம். பிறகு நான்கு டயர்களின் அளவையும், பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தேதியையும் படம் எடுத்து எனக்கு அனுப்பட்டும். 3117 என்றிருந்தால் 2017-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். கோடுகள் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், அந்த வயதில் ரப்பர் இறுகியிருக்கும், மழையில் பிடிக்காது. டயருக்கு ஆகும் செலவை விலையில் குறைத்துப் பேசுவதற்கு நானே பாயை அழைத்துக்கொண்டு பெங்களூர் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து ஏற்பாடு செய்யச் சொல். இந்தப் பருவத்தின் கடைசி நீலம் மாம்பழம் ஒரு பெட்டி சேலம் பேருந்தில் அனுப்பியிருக்கிறேன், தங்கச்சியிடம் சொல்லி எடுத்துக்கொள்.

அன்புடன்,
ராஜு