எவரெஸ்ட்டின் உயரமும் ஒரு பெருக்கல் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வந்த மலைகள் பற்றிய கட்டுரை, எவரெஸ்ட் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்வதாகச் சொல்லிவிட்டு, அதை அப்படியே 10 லட்சம் ஆண்டுகளால் பெருக்கி, அச்சிகரம் 12 கிலோமீட்டரைத் தாண்டிவிடும் என்று முடிக்கிறது. உயர்வது உண்மை, பெருக்கியதுதான் பிழை.

சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியத் தட்டு யுரேசியத் தட்டுடன் மோதியதில் இமயம் எழுந்த கதையைக் கட்டுரை நன்றாகவே விளக்கியிருந்தது. ஆனால் மலைக்கு வேரும் உண்டு என்பதை அது சொல்லவே இல்லை.

அந்த வேர் தெரியவந்த விதம் சுவையானது. அச்சிகரம் யாருடைய பெயரைத் தாங்கியிருக்கிறதோ அந்த ஜார்ஜ் எவரெஸ்ட்டின் தலைமையில் நடந்த நில அளவையில், வட இந்தியாவின் கலியானா, கலியான்பூர் ஆகிய இரு நிலையங்களுக்கு இடையிலான அட்சரேகை வேறுபாடு, முக்கோண அளவையில் (நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்துத் தூரம் காணும் முறையில்) ஒன்றாகவும் விண்மீன்களைப் பார்த்து அளந்தபோது வேறொன்றாகவும் வந்தது. பிசகு 5.236 கோண விநாடி (ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கே ஒரு கோண விநாடி). விண்மீன் அளவையில் செங்குத்தைக் காட்டுவது தூக்குக்குண்டு. கொத்தனார் சுவரின் நேர் பார்க்கத் தொங்கவிடுகிறாரே, அதே குண்டை இமயம் தன் பக்கம் இழுத்ததால் நேர்ந்த பிசகு இது என்று கருதிய ஆங்கிலப் பாதிரியாரும் கணித அறிஞருமான ஜான் பிராட் கணக்கிட்டுப் பார்த்தார், அவருக்கு 15.885 விநாடி என்று விடை வந்தது. அதாவது, மலை தன் பருமனுக்கு ஏற்ற அளவில் குண்டை இழுக்கவில்லை. 1855இல் ஆங்கில வானியலாளர் ஜார்ஜ் ஏரி இதற்கு விளக்கம் தந்தார்: மரக்கட்டை நீரில் அமிழ்ந்து மிதப்பதுபோல, அடர்த்தி குறைந்த மேலோட்டுப் பாறை மலைக்கு அடியில் அடர்த்தி மிகுந்த பாறைக்குள் ஆழ இறங்கியிருக்கிறது.

இன்று நாம் அறிந்த அடர்த்திகளைக் கொண்டு பார்த்தால், மலை மேலே ஒரு கிலோமீட்டர் ஏற, வேர் கீழே நான்கைந்து கிலோமீட்டர் இறங்க வேண்டும். அந்த ஆழத்து வெப்பத்தில் பாறை இளகி, மேலுள்ள சுமையைத் தாங்க மாட்டாமல் பக்கவாட்டில் பிதுங்குகிறது. திபெத்தியப் பீடபூமி கிழக்கு மேற்காக விரிந்து பிளவுபடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. மேலே பனியாறும் நிலச்சரிவும் அரிப்பது தனி. (அரிப்பினால் சுமை குறைந்து மலை சற்று மிதந்து எழுவதும் உண்டு, ஆனால் இழந்த உயரம் முழுவதும் அதனால் திரும்புவதில்லை.)

செவ்வாயின் ஒலிம்பஸ் மான்ஸ் எரிமலை ஏறத்தாழ 22 கிலோமீட்டர் உயர்ந்து நிற்க முடிவதற்கு, அங்கே ஈர்ப்பு புவியினதில் 38 விழுக்காடே என்பது ஒரு முக்கியக் காரணம். புவியில் எவரெஸ்ட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. எனவே 12 கிலோமீட்டர் என்ற அந்த ஒரு வரியை மட்டும் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்